அருளை முறையாக்கிய அம்மையார்

ருக்மிணிதேவி அருண்டேல் என்னும் பெயரைத் தமிழ் கற்றோர் இருவகையால் அறிவர். பரதநாட்டியத்தைக் கற்றோர் அவைக்கண் ஏற்றிய கலைச்செல்வி என்பது ஒன்று. மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் அரிதின் முயன்று தொகுத்த ஏட்டுச்சுவடிகளுக்கு ஓர் இருப்பிடம் அமைத்துக் கொடுத்த புரவலர் என்பது மற்றொன்று. நானும் பண்டித வகுப்பிலே திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், அந்நூலை 1944ஆம் ஆண்டிலே நாட்டிய நாடகமாக்கி அரங்கேற்றியவர் இவ்வம்மையார் என்று கூறி, அவ்வளவில் அமைந்துவிடுவேன். அவருடைய வாழ்விலே நான் அறியாத மற்றொரு பாதி இருந்தது. அதனைத் தேடும்படி என்னைத் தூண்டியவை ஆறு நாய்க்குட்டிகள்.

கடந்த மாரிக்காலத்து ஒரு காலைப்பொழுதிலே எங்கள் கல்லூரிப் படலையடியில் வாய் கட்டிய உரப்பை ஒன்று கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே கண் திறந்து சில நாளேயான குட்டிகள் ஆறு. ஆறும் பெட்டை. இரண்டு முன்னரே இறந்துவிட்டன. வன்னியில் வாழ்வார்க்கு இது புதுமையன்று. கடுவன் குட்டிக்கு வீடு கிடைக்கும். பெட்டைக்குட்டிக்குச் சந்தையடியும் கோயில் வாசலும் பள்ளிக்கூடப் படலையுமே கதி. ஆனால் அன்று ஒரு மாணவி என்னை ஒரு கேள்வி கேட்டாள். இந்தப் பையைக் கட்டியவரைக் கேட்பதற்கு உலகில் எவரும் இல்லையா என்பதே அவள் கேள்வி. நான் வழக்கம்போல முல்லைக்குத் தேரீந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் எடுத்துரைத்தேன். அவள் முகத்திலே தெளிவு பிறக்கவில்லை.

பின்னர் ஆறுதலாக எண்ணிப் பார்த்தபோது, பிழை என்னுடையது என்பது புலப்பட்டது. பாரியும் பேகனும் காட்டியது அருள். அருள் உள்ளவன் கொடுப்பான். இல்லாதவனை யாரும் வற்புறுத்த முடியாது. மாணவி கேட்டதோ முறை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சிமணியை அசைத்தபோது மனுநீதிச் சோழன் செய்தது முறை. அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனைப் பற்றியும் மகாவம்சம் அத்தகைய கதையைக் கூறும். வாயில்லாப் பிராணியின் பொருட்டு மனிதனை நிறுத்தி விசாரிக்கும் அத்தகைய முறையை நம் காலத்திலே யார் செய்தார் என்று தேடப் புகுந்தேன். அத்தேடல் 1960ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஒன்றில் வந்து நின்றது. அதன் பின்னே நின்றவர், நான் இருபது ஆண்டுகளாக நாட்டிய அம்மையார் என்று மட்டுமே பாடஞ் சொல்லி வந்த அதே ருக்மிணிதேவியார்.

அம்மையார் 1904ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 29ஆந் தேதி மதுரையிலே பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொதுப்பணித் துறையிலே பொறியியலாளர், தாயார் சேஷம்மாள். உத்தியோக மாற்றங்களால் ஊர் ஊராக வாழ்ந்த தந்தையார் பிரமஞான சபையிலே பற்றுடையவர். ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றிலே அச்சபையின் அயலிலே குடியமர்ந்தார். அப்போது சபைக்குத் தலைமை தாங்கியவர் அன்னி பெசன்ட் அம்மையார். உயிர்கள் அனைத்தும் ஓர் உயிரின் கூறுகள் என்பதும் ஊன் மறுத்தல் நன்று என்பதும் அங்கே நாள்தோறும் கேட்கப்படும் உரைகள். சிறுமி ருக்மிணி கேட்டு வளர்ந்த காற்று அது.

1920ஆம் ஆண்டிலே, பதினாறாம் வயதிலே, அவர் ஜோர்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கில அறிஞரை மணந்தார். மணமகனார் நாற்பதைக் கடந்தவர். காசியிலே மத்திய இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். பிராமணப் பெண் ஒருத்தி பிறநாட்டாரை மணப்பதென்பது அக்காலத்துச் சென்னை பொறுக்கக்கூடியதன்று. எழுந்த எதிர்ப்போ பெரிது, அம்மையார் அசைந்தாரல்லர். பலர் பழித்தாலும் தாம் சரியெனக் கண்டதிலே நிற்கும் உறுதியை அவர் இளமையிலேயே பயின்றுகொண்டார் போலும். அவ்வுறுதி பின்னர் நாடாளுமன்றத்திலே அவருக்கு வேண்டியதாயிற்று.

1928ஆம் ஆண்டு பம்பாயிலே உருசிய நாட்டிய மேதை அன்னா பாவ்லோவாவை அவர் கண்டார். அந்நட்பினால் முதலில் மேனாட்டு நடனம் பயின்றார். சொந்த நாட்டின் கலையைத் தேடும்படி அவரைத் திருப்பியதும் பாவ்லோவாவே. பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் நாட்டியங் கற்று, 1935ஆம் ஆண்டு இறுதியிலே அடையாற்றில் நடந்த பிரமஞான சபையின் வைரவிழாவில் ஆடினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரம் தோன்றியது. அவர் செய்த மாற்றங்களால் அக்கலை, அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த மரபினரின் கையினின்றும் நழுவியது என்று குறை கூறுவாரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. ஈழத்து மாணவியர் பலர் அடையாறு சென்று ஆடல் கற்று மீண்டமையை நம்மவர் நன்கு அறிவர்.

1942ஆம் ஆண்டு சாமிநாதையர் மறைந்தார். அவர் தொகுத்த சுவடிகளும் நூல்களும் சிதறாவண்ணம் 1943ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் நூல்நிலையம் ஒன்றை அடையாற்றிலே நிறுவியவர் ருக்மிணிதேவியாரே. இச்செயலை நான் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நல்லெண்ணம் எவர்க்கும் தோன்றும். தோன்றிய வேகத்திலே மறையவும் செய்யும். அம்மையாரின் இயல்பு வேறு. நாட்டியத்திலே அன்பு தோன்றியது, அது பள்ளியாயிற்று. ஏடுகளிலே மதிப்புத் தோன்றியது, அது நூல்நிலையமாயிற்று. தமக்குப் பின்னும் நிற்கத்தக்க வடிவத்தை எதற்கும் தேடிக் கொடுக்கும் மனம் அது. அம்மனம் விலங்குகளின் துன்பத்தை நோக்கியபோது என்ன தேடியது என்பதே இனிக் காண்பது.

1952ஆம் ஆண்டு இந்தியாவின் மேலவையாகிய ராஜ்ய சபை முதன்முதலாக அமைந்தபோது, நியமன உறுப்பினர் பன்னிருவருள் ஒருவராக அவர் தெரிவு செய்யப்பட்டார். அப்பன்னிருவருள் பெண் அவர் ஒருவரே. கலைஞர் என்ற முறையிலே பெற்ற இடம் அது. ஆயினும் அடுத்த ஆண்டு அவர் சபையின் முன் வைத்த தனியுறுப்பினர் சட்டமூலம் கலையைப் பற்றியதன்று. விலங்குகளுக்குச் செய்யப்படும் கொடுமையைத் தடுப்பது பற்றியது.

விலங்குக் கொடுமைத் தடைக்கு 1890ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசினர் ஒரு சட்டம் செய்திருந்தனர். ஆயினும் அதன் ஆட்சி பெரும்பாலும் நகர எல்லைகளுக்குள்ளே அடங்கியது. உழவுமாடும் வண்டிமாடும் மிகுந்த கிராமத்துக்கு அது எட்டவில்லை. அம்மையாரின் சட்டமூலம் அக்குறையைப் போக்க எழுந்தது. தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு அதன் நோக்கத்தை ஏற்றார். அரசே விரிவானதொரு சட்டத்தைக் கொண்டுவரும் என அவர் உறுதி கூற, அம்மையார் தம் மூலத்தை மீட்டுக்கொண்டார். தம் பெயரால் நிற்க வேண்டிய சட்டத்தை விட்டுக்கொடுப்பது எளிதன்று. காரியம் முடிதல் வேண்டும், பெயர் எவருடையதாயினும் ஆகுக என்று அவர் எண்ணியிருத்தல் வேண்டும். அரசு வாக்குத் தவறவில்லை; எனினும் ஆண்டுகள் பல கழிந்தன. 1960ஆம் ஆண்டு திசம்பர் மாதத்திலே விலங்குவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தைப் படித்தபோது என் நெஞ்சைத் தொட்டவை அதன் பெரிய ஏற்பாடுகள் அல்ல, சிறிய சொற்கள். விலங்கொன்றைத் தன் பொறுப்பிலே வைத்திருக்கும் ஒவ்வொருவனும் அதன் நலத்துக்கு வேண்டியன செய்தலும், அதற்கு வீணான துன்பம் நேராது காத்தலும் அவன் கடமை என்று மூன்றாம் பிரிவு விதிக்கின்றது. கருணை என்ற சொல் அங்கில்லை. கடமை என்றே இருக்கின்றது. பதினோராம் பிரிவு குற்றங்களை நிரைப்படுத்துகின்றது. உரிமையாளன் உணவும் நீரும் உறையுளும் போதிய அளவு கொடாமை குற்றம். தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுதல் குற்றம். தொற்றுநோய் கொண்ட தன் விலங்கை வேண்டுமென்றே தெருவிலே திரியவிடுதல் குற்றம். எப்போதும் சங்கிலியிலே கட்டப்பட்டிருக்கும் நாயை அவிழ்த்து நடமாட விடாமையும் குற்றம். நம் வளவுகளிலே காலை முதல் இரவு வரை மரத்தடியிலே சுற்றிச் சுற்றிப் புழுதியை வட்டமாக்கும் நாய்களை நினைத்துக்கொண்டேன். அந்த வட்டத்தை ஒரு நாட்டின் சட்டம் கண்டிருக்கின்றது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது சரிதமாகாது. முதன்முறை பிழைத்தவனுக்குத் தண்டம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் என்று அச்சட்டம் வரையறுத்தது. 1960இலே அது ஏழைக்குச் சுமை. காலம் செல்லச் செல்ல அது தேநீர்க்காசாகிவிட்டது. மற்றொரு குறை நம் பொருளுக்கு அணுக்கமானது. ஊர்மன்றங்கள் தெருநாய்களை உயிர்போக்கும் அறைகளில் இட்டுக் கொல்லுதலை அச்சட்டம் குற்றமெனக் கொள்ளவில்லை. வீட்டுநாயைக் காத்த சட்டம் தெருநாயை அக்காலத்து வழக்கத்திடமே விட்டுவிட்டது.

அவ்வழக்கமோ பயன் தரவில்லை. சென்னை மாநகராட்சி நெடுங்காலம் நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய்த்தொகை குறைந்ததுமில்லை, நீர்வெறுப்பு நோய் ஒழிந்ததுமில்லை. காரணம் எளிது. தெருவிலே கழிவு கிடக்கும் வரையில், ஒரு நாயை அகற்றிய இடத்துக்கு அயல் தெருவிலிருந்து மற்றொன்று வரும். ஒரு பெட்டை ஆண்டுக்கு இருமுறை பருவமடையும். ஏறத்தாழ அறுபத்துமூன்று நாள் சுமந்து நான்கைந்து குட்டிகளை ஈனும். கொல்லும் கை அந்த வேகத்துக்கு ஈடு கொடுத்தல் இயலாது. மேலும், தெருநாய் தெருவிலே முளைத்ததன்று. அதன் தாயோ தாயின் தாயோ ஒரு வீட்டுப் படலையைக் கடந்து வெளியேற்றப்பட்டதாகவே இருக்கும்.

இதனை உணர்ந்த கப்டன் வி. சுந்தரமும் குடும்பத்தாரும் அதே சென்னையிலே நீலச் சிலுவைச் சங்கத்தை நிறுவி, கொல்லாது கருத்தடை செய்து தடுப்பூசி ஏற்றி விடும் முறையை 1960களிலிருந்தே வற்புறுத்தினர். 1996ஆம் ஆண்டிலே மாநகராட்சி அம்முறையைக் கைக்கொண்டது. 2001ஆம் ஆண்டிலே, அம்மையாரின் முயற்சியால் எழுந்த அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், நாய்களின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இந்தியா முழுமைக்கும் இயற்றப்பட்டன. அவ்விதிகள் நாய்களை வீட்டுநாய், தெருநாய் என இரண்டாகப் பகுத்தன. தெருநாய்க்கு ஊர்மன்றமும் சங்கங்களும் பொறுப்பு. வீட்டுநாயின் தடுப்பூசிக்கும், கருத்தடைக்கும், அனுமதிப் பத்திரத்துக்கும் உரிமையாளனே பொறுப்பு. சட்டத்திலே விடப்பட்ட இடைவெளியை அச்சட்டத்தைக் கொண்டே பின்வந்தோர் அடைத்தனர். நிலைபெற்ற வடிவம் ஒன்றை அமைத்துவைத்தலின் பயன் இதுவன்றோ?

சட்டத்தின்படி 1962ஆம் ஆண்டிலே விலங்குநல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவியும் அம்மையாரே ஆனார். வாரியத்தின் தலைமையகம் சென்னையிலே நெடுங்காலம் இருந்து, 2018ஆம் ஆண்டிலே அரியானா மாநிலத்துக்கு மாறியது. ஒரு பக்கம் திருவான்மியூரிலே வளர்ந்த கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகங்கள்; மறுபக்கம் விலங்குநலப் பணிகள். 1977ஆம் ஆண்டு தலைமை அமைச்சர் மொரார்ஜி தேசாய் இந்தியக் குடியரசின் தலைவர் பதவிக்கு அவரை வேண்டினார், அவர் ஏற்கவில்லை. 1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 24ஆந் தேதி, எண்பத்திரண்டாம் பிறந்தநாளை அணுகிய வேளையிலே, சென்னையிலே அவர் காலமானார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையிலே சட்டம் இல்லாமலில்லை. 1893இலே நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச்சட்டமும், 1901இலே நாய்ப்பதிவுக் கட்டளைச்சட்டமும், 1907இலே விலங்குக் கொடுமைத் தடைக் கட்டளைச்சட்டமும் எழுந்தன. 1907ஆம் ஆண்டுச் சட்டம் நூறு ரூபாயைத் தண்டத்தின் மேலெல்லையாகக் கொண்டது. 2006ஆம் ஆண்டு முதல் தெருநாய்களைக் கொல்லாமை அரசின் கொள்கையாயிற்று. கருத்தடையும் தடுப்பூசியும் அதன் இடத்தைப் பெற்றன. 1973ஆம் ஆண்டிலே இந்நாட்டிலே நீர்வெறுப்பு நோயால் மாண்டோர் 377 பேர். அண்மைய ஆண்டுகளிலே அத்தொகை முப்பதை அண்டியோ அதனிற் குறைந்தோ நிற்கின்றது. இதனைச் செய்தது பெரும்பாலும் நாய்க்கு ஏற்றும் ஊசியும், கடியுண்டவர்க்கு வைத்தியசாலையில் ஏற்றும் ஊசியுமே. ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதேனும் ஊசி பெற்றால் நோய் பரவ வழியின்றி அடங்கும் என்பர் அறிஞர். நோய் வெளிப்பட்டபின் மருந்தில்லை. ஆதலால் நாய் கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

வன்னியின் நிலை இவ்வாறிருக்க, இங்கே கட்டாக்காலி மாடுகளும் நாய்களும் மிகுந்தமைக்குப் போரையே காரணமாகக் கூறுவது எங்கள் வழக்கம். அது பாதி உண்மை. மறுபாதியைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

கிளிநொச்சிக்குக் கிழக்கே எங்கள் வளவிலே கறுப்பி என்றொரு பெட்டைநாய் இருந்தது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே நாங்கள் இடம்பெயர்ந்தபோது, உழவு இயந்திரப் பெட்டியிலே பிள்ளைகளையும் அரிசியையும் தறப்பாளையும் ஏற்றினோம். கறுப்பிக்கு இடமிருக்கவில்லை. சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். முரசுமோட்டை வரையில் பின்னே ஓடிவந்தது, பின்னர்க் காணவில்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து 2010ஆம் ஆண்டு மீண்டபோது, வேம்பினடியிலே துருப்பிடித்த சங்கிலி மட்டும் கிடந்தது. இதனைப் பலரிடம் சொல்லியிருக்கின்றேன். கேட்டோர் எல்லாரும் இரங்கினர். தக்க காரணமின்றிக் கைவிடுதல் என்றுதான் சட்டமும் கூறுகின்றது; செல் விழும் வேளையிலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவனை எந்த நீதிமன்றும் குற்றவாளியாக்காது.

நான் எவரிடமும் சொல்லாதது ஒன்றுண்டு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2004ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலத்திலே, அதே கறுப்பி ஐந்து குட்டிகளை ஈன்றது. கடுவன் இரண்டையும் அயலார் கொண்டுசென்றனர். எஞ்சிய மூன்று பெட்டைகளையும் ஓர் உரப்பையிலே இட்டுத் துவிச்சக்கரவண்டியிலே கட்டி, பொழுதுபட்டபின் சந்தையடியிலே வைத்துவிட்டு வந்தவன் நான். அந்த வாரந்தான், தன்னைத் தொடர்ந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமன் கதையை வகுப்பிலே விரித்துரைத்திருந்தேன். அன்று செல் விழவில்லை. வீதி திறந்திருந்தது. கால்நடை வைத்தியரிடம் செல்வதற்கு அரைநாள் போதும். செல்லாமைக்குக் காரணம் எனக்கு அது தோன்றவில்லை என்பதே. போரிலே இழந்த கறுப்பியின் துயரை முன்னே நிறுத்தி, அந்த மூன்று குட்டிகளை இத்தனை ஆண்டும் மறைத்து வைத்திருந்தேன்.

படலையடியிலே மாணவி கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்ல இயலாமற் போனமைக்கு உண்மைக் காரணம் இதுவே. அவள் தேடிய குற்றவாளி அவள் முன்னேயே நின்றான்.

அம்மையாரின் பெருமை எனக்கு இப்போது வேறொரு வகையாகத் தோன்றுகின்றது. அருளுடையார்க்கு அவர் சட்டம் வேண்டா. என்போல நூல்களிலே அருளைக் கற்று, கற்பித்து, வீட்டிலே மறப்பவர்க்கே அது வேண்டும். ஊர்மன்றம் செய்ய வேண்டியன பல: கழிவை ஒழுங்காக அகற்றல், பதிவு, ஆண்டுதோறும் ஊசி, கருத்தடை முகாம், வீதியிலே இரவு படுக்கும் மாடுகளின் உரிமையாளரைத் தேடிப் பிடித்தல். ஆயினும் ஊர்மன்றத்தின் வேலை படலைக்கு வெளியே. படலைக்கு உள்ளே உள்ள வேலை நம்முடையது.

எஞ்சிய நான்கு குட்டிகளுள் இரண்டை, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டறிந்து, மாணவர் இருவர் கொண்டுசென்றனர். ஒன்று கல்லூரிக் காவலாளியிடம் வளர்கின்றது. நான்காவது என் வளவிலே. சங்கிலி வாங்கவில்லை, வேலியைத்தான் அடைத்தேன். நான்குக்கும் விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றியாயிற்று. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்காகக் கால்நடை வைத்தியர் பணிமனையிலே படிவம் நிரப்பினேன். உரிமையாளர் என்று அச்சிட்டிருந்த இடத்திலே என் பெயரை முழுமையாக எழுதிக் கையொப்பமிட்டேன்.